பதிவேட்டில் எனக்கு முந்தைய வரி

1

ஜெர்மனியில் இந்த பிரேமன் நகரத்துக்கு வந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் முடிந்த அதே வாரத்தில், நான் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து. இத்தனை வருடமும் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எல்லா இடத்திலும் காட்டி வந்தேன். அது பள்ளிக்கூடம் கொடுத்த தாள், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகம் கொடுத்த தாள்தான் வேண்டும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். இந்த ஊரில் கடிதத்தில் மரியாதை கூடினால் அலைச்சலும் கூடும் என்று அர்த்தம்.

நேரில் போய் விளக்கிப் பார்த்தேன். எங்கள் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்பார், அப்பா வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்வார், அதுவே நிலைத்துவிடும் என்றேன். கவுண்டரில் இருந்த பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் உண்மையான பிறந்த நாள் எது?" என்று கேட்டார். தை மாதம், உத்திரம் என்று சொல்லலாம். அதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? "குளிர்காலத்தில்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்கள் வம்சம். அப்பா வழியில் ஏழு தலைமுறை, அம்மா வழியில் ஐந்து. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள், பலருக்குப் பிறந்த வருடம், செத்த வருடம். அத்தனை பேரின் கணக்கையும் சேர்த்து வைத்தவனிடம் தன் பிறப்புச் சான்றிதழ் இல்லை.

என் மனைவி மாலதி இறந்த வருடம் ஆரம்பித்த வேலை இது. அவள் போன பிறகு ஆறு மணிக்கு மேல் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் அவளுடைய பெட்டியில் எங்கள் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. அதில் என் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருந்தன. முதல் எழுத்து ஊர், இரண்டாவது அவருடைய அப்பா. அந்த அப்பாவின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்று யோசித்தபோதுதான், கேட்பதற்கு யாருமே மிச்சமில்லை என்பது உறைத்தது. அன்றிலிருந்து காகிதங்களைத் தேடத் தொடங்கினேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஓரத்தில் கறுப்புக் கரை போட்ட கருமாதிக் கடிதங்கள், ஜாதகக் கட்டுகள், ரேஷன் கார்டுகள், குரூப் போட்டோக்கள். எல்லாவற்றையும்விட உபகாரமானவை வீட்டுப் பத்திரங்கள். "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஒவ்வொரு பத்திரமும் ஒரு தலைமுறையைக் கையில் கொடுத்துவிடும். பெண்களைத்தான் கண்டுபிடிக்க முடியாது. "மேற்படியார் மனைவி" என்று போய்விடுவார்கள். என் வரைபடத்தில் மூன்று தலைமுறைக்கு மேலே பெண்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்தான்.

மகன் அருண் மியூனிக்கில் இருக்கிறான். வரும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல உயிரோட இருக்கறவங்க எத்தனை பேர்?" என்று கேட்பான். நான் எண்ணிச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் குறைந்திருக்கும். அவனுடைய தமிழ் ஒரு தனி ரகம். மாலதி இறந்தபோது சென்னையிலிருந்து போனில் துக்கம் கேட்டவர்களிடம், "நான் அம்மாவைத் தவறுறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். அம்மா இல்லாதது அவனுக்கு எப்படி இருக்கிறது என்பதை ஜெர்மன் சொல்லிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். நான் திருத்தவில்லை. அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

2

வருடா வருடம் ஜனவரியில் மூன்று வாரம் சென்னைக்குப் போவேன். தி.நகரில் வசந்தா வீட்டில்தான் தங்கல்.

வசந்தா என் பெரியம்மா மகள். என்னைவிட ஒரு வயது சின்னவள். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவள் பிறந்தது, நடக்கப் பழகியது எல்லாம் விழுப்புரத்தில். அவளுக்கு நாலு வயதாகும்போது மாற்றலாகி தி.நகருக்கு வந்தார்கள். நாங்கள் மயிலாப்பூரில், வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் இங்கே வருவார்கள், இல்லாவிட்டால் நாங்கள் அங்கே போவோம். நான் ஒற்றைப் பிள்ளை, அவளும் ஒற்றைப் பெண். அதனால் ராக்கெட் விடுவதிலிருந்து அடி வாங்குவதுவரை சேர்ந்தே செய்தோம். இப்போது அவளுக்குக் கணவர் இல்லை. மகள் புனேயில். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எந்தக் கவுண்டரில் எந்தத் தொனியில் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

என் தேடலில் அவள் பாதி. பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பதிவு அலுவலகங்களுக்குக் கூடவே வருவாள். நான் "நன்றி, நன்றி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால் முழங்கையால் இடிப்பாள். "அண்ணா, ஆட்டோக்காரருக்கெல்லாம் நன்றி சொல்லாதே. வெளியூர் ஆள்னு வாடகையை ஏத்திடுவாரு." புது வரைபடம் எழுதும்போது ஸ்கேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் எடுக்கும் குப்பி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். "எச்சியைப் புட்டியில அடைச்சு எடுத்துட்டுப் போறியா? சீ, போ" என்று சொல்லி அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

இந்த முறை பிறப்புச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். அவளும் வருவாள் என்று இரண்டு பேருக்குமாக ஆட்டோ கூப்பிட்டேன்.

"இந்தத் தடவ நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு முட்டி வலி" என்றாள்.

முந்தின நாள்தான் பாண்டி பஜார் முழுக்க என்னைவிட வேகமாக நடந்திருந்தாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

3

பழைய பதிவேடுகள் இருந்த அறை முதல் மாடியில், ஒரு இரும்பு கேட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே உதவியாளராக இருந்தவர் பெயர் ஏகாம்பரம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும். காதில் பேனாவைச் செருகியிருந்தார்.

"இன்னா சார், கம்ப்யூட்டர்ல வரலியா?"

"வரல. கையால எழுதின புத்தகத்துலதான் பாக்கணும்னு கீழ சொன்னாங்க."

"வருசம் தெரியுமா?"

"யா, யா" என்றேன். வருடத்தையும் தை மாதம் என்பதையும் சொன்னேன்.

"ஃபாரினா சார்? 'யா'ன்றீங்க." சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தடிமனான புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். துணி பைண்டு. ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. மயிலாப்பூரில் அப்போது இருந்த பிரசவ விடுதியின் பெயரையும் அப்பா, அம்மா பெயர்களையும் சொன்னேன். அவர் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே போனார். பக்கம் பக்கமாக. அரை மணி நேரம் ஆகியிருக்கும். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கூடப் பொறந்தவங்க யார்னா கீறாங்களா சார்?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

"இல்லியே. ரெண்டு கீதே."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நீல மை பழுப்பாகியிருந்தது. ஒரு வரியில் அப்பா பெயர், அம்மா பெயர், எங்கள் தெரு, கதவு எண், "பெண்". அடுத்த வரியில் அதே அப்பா, அதே அம்மா, அதே தெரு, அதே கதவு எண், "ஆண்". இரண்டுக்கும் ஒரே தேதி. குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் இரண்டு வரியிலும் காலி.

"ரெட்டைப் புள்ளைங்க சார். பொண்ணு மொதல்ல, அப்பால நீங்க" என்றார் ஏகாம்பரம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாதா உங்களுக்கு?" என்று குரலைத் தாழ்த்தினார்.

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

ஏழு தலைமுறை எழுதி வைத்தவன். தாத்தாவின் அப்பாவுக்கு எத்தனை சகோதரர்கள் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன்.

"அந்தக் காலத்துல ரெட்டைல ஒண்ணு தங்காது சார்" என்றார் ஏகாம்பரம். "இறப்பு ரிஜிஸ்டரையும் பாத்துடலாம். நாளைக்கி வாங்க."

4

மூன்று நாள் போனேன். வசந்தாவிடம் சொல்லவில்லை. முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சான்றிதழ் கொடுக்க இழுத்தடிக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். பாவம், ஏகாம்பரம் அப்படிப்பட்டவர் அல்ல. தன் வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் எனக்காக இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். முதல் நாள் ஒரு வருடம், அடுத்த நாள் இன்னொரு வருடம், மூன்றாம் நாள் மூன்றாவது வருடம். குழந்தைகளின் பெயர்கள் ஏராளமாக இருந்தன. பேதி, காய்ச்சல், வலிப்பு. சில இடங்களில் பெயர்கூட இல்லை. "பெண் சிசு" என்று மட்டும் இருக்கும். ஒவ்வொரு முறை அந்த இரண்டு சொற்கள் வரும்போதும் நான் அப்பாவின் பெயரைத் தேடுவேன். இருக்காது. மூச்சு வரும்.

மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு ஏகாம்பரம் சொன்னார்: "செத்தவங்க புக்குல இல்ல சார். அப்போ இன்னா அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"எங்கியோ கீதுன்னு அர்த்தம்."

அங்கிருந்து மயிலாப்பூருக்குப் போனேன். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு போட்டு எல்லா வழியையும் மாற்றி வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஊரில் எனக்கே வழி கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் இருந்த வீட்டின் இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். கீழே கண் மருத்துவமனை. வாசலில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களில் என் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். தாடை அம்மாவைப் போல இருக்கிறதா, காது அப்பாவைப் போல மடிந்திருக்கிறதா என்று. ஒரு பெண்மணி கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். நகர்ந்துவிட்டேன். திரும்பும்போது பேருந்திலும் அதே வேலைதான். என் வாழ்நாளில் இத்தனை முகங்களை நான் ஆசையோடு பார்த்ததில்லை. அவள் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிரேமன் வீட்டுச் சாவி பையில் கிடந்தது. அந்த வீட்டுக்கு வர இன்னொரு ஆள் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அதை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

5

வசந்தா பால்கனியிலிருந்து துணிகளை எடுத்துவந்து கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வசந்தா, எனக்குக் கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கா. ரெட்டை. பதிவேட்டுல பார்த்தேன்."

"ம்" என்றாள். கை மடித்துக்கொண்டே இருந்தது.

"சின்னதுலயே செத்துப்போயிருக்கும்னு மூணு வருஷத்துப் புத்தகத்தையும் பார்த்தாச்சு. இல்ல. எங்கயோ உயிரோட இருக்கா. பேப்பர்ல விளம்பரம் குடுக்கப் போறேன். அப்பா பேரு, அம்மா பேரு, தெருப் பேரு எல்லாம் போட்டு…"

"விளம்பரமெல்லாம் வேணாம்ணா."

"ஏன் வேணாம்?"

தலையணை உறையை நாலாக மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். அது சரிந்தது. மறுபடி நேராக வைத்தாள்.

"தேட வேணாம். அந்தப் பொண்ணு நான்தான்."

மாடிவீட்டில் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள். அது நின்ற பிறகு கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினாறு வருஷமா."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "பதினாறு வருஷமா! என்கூட ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினியே. நான் உன் பேரைப் பெரியம்மாவுக்குக் கீழ எழுதறப்போ பக்கத்துல உட்கார்ந்து ஸ்கேல் புடிச்சியே!"

"புடிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது?" என்று திருப்பிக் கேட்டாள். குரல் ஏறவில்லை. "நீ வருஷத்துக்கு மூணு வாரம் வர்ற. மொத வாரம் உனக்குத் தூக்கம் சரியில்ல. கடைசி வாரம் பொட்டி கட்டற. நடுவுல ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துல உன்னை அழவெச்சு பிளேன் ஏத்தணுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பனகல் பார்க்கிலிருந்து தேனாம்பேட்டை சிக்னல்வரை நடந்தேன். வெயில் அடித்தது. சாலையைக் கடக்க முடியாமல் அந்த சிக்னலில் நின்றுகொண்டே இருந்தேன். பச்சை வந்தது, சிவப்பு வந்தது, மறுபடி பச்சை வந்தது. என் கோபம் யார்மேல் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா இல்லை, அப்பா இல்லை, பெரியம்மா, பெரியப்பா யாரும் இல்லை. வரைபடத்தில் எல்லோருக்கும் செத்த வருடத்தை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். கோபப்படுவதற்குக்கூட அவள் ஒருத்திதான் மிச்சம். வந்த வழியே திரும்பினேன்.

தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அவளும் சாப்பிடவில்லை.

6

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு மூன்று முறை கரு நின்று கலைந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு. மூன்றாம் மாதம் பெரியம்மா பார்க்க வந்தாள். வந்தவள் விழுப்புரத்துக்குத் திரும்பும்போது மடியில் ஒன்று இருந்தது. எந்தத் தாளும் எழுதவில்லை. யாரும் யாருக்கும் கடிதம் போடவில்லை. விழுப்புரத்தில் எல்லோரும் பெரியம்மா பெற்றதாகவே நினைத்தார்கள். நாலு வயதில் தி.நகருக்கு வந்தபோது ஒரு வயதைக் குறைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

"பையன்னு உன்னை வெச்சுக்கிட்டு, பொண்ணுன்னு என்னைக் குடுத்துட்டாங்கன்னு மொதல்ல எனக்கு எரிஞ்சுது. அப்படி இல்லைன்னு சித்தி சொன்னா. நீதான் நோஞ்சானாம். பால்கூட உறிஞ்சத் தெரியாதாம். உன்னைக் குடுத்தா நீ பொழைக்க மாட்டேன்னு பயந்தாங்களாம். நான் கல்லு மாதிரி இருந்தேனாம். எங்க போட்டாலும் வளந்துடுவேன்னு என்னைக் குடுத்தாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அது உண்மையான்னு எனக்குத் தெரியாது. நம்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

சித்தி என்று அவள் சொன்னது என் அம்மாவை. இல்லை, எங்கள் அம்மாவை.

பதினாறு வருடம் முன்பு அம்மா அடையாறில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது நான் பிரேமனில் இருந்தேன். தொழிற்சாலையில் ஒரு புது இயந்திரத்தின் சோதனை ஓட்டம். இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேட்டு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். நான்காம் நாள் அம்மா போய்விட்டாள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவர் வசந்தாவின் கணவர். பெரியம்மா வீட்டு மாப்பிள்ளை என்று அவரைக் கும்பிட்டு நன்றி சொன்னேன். அவர் அம்மாவுக்கு மருமகன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில சித்தி பக்கத்துல நான்தான் இருந்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டு, ஒரு தடவ அம்மான்னு கூப்பிடுடின்னா."

"கூப்பிட்டியா?"

வசந்தா இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்கம்மா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. கையில பிளாஸ்க்கோட. கதவு திறந்தே இருந்துது. அவ காதுல விழற மாதிரி நான் இன்னொருத்தரை அம்மான்னு எப்படிக் கூப்பிடுவேன்? நாளைக்கிக் கூப்பிட்டுக்கலாம்னு நெனச்சேன். அடுத்த நாள் சித்திக்கு நெனவு இல்ல."

அம்மாவின் கடைசி நான்கு நாட்களைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் நான் வராதது நினைவுக்கு வரும். அன்றைக்குக் கேட்டேன். பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தேன். "எழுதாதே, கேளு" என்றாள். அம்மாவுக்கு ஆரஞ்சுச் சுளை கேட்கிற நாக்கு கடைசிவரை இருந்தது, நர்ஸிடம் கையெழுத்து அழகாக இல்லை என்று சண்டை போட்டாள், அங்கே அந்தக் குளிரில் சேகருக்கு, அதாவது எனக்கு, இட்லி மாவு பொங்குமா என்று இரண்டு முறை கேட்டாள். என் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தவை இவை. எழுதாதே என்றவளிடம் பின்னால் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் காலை வரைபடத்தின் நகலை மேஜையில் விரித்து அழிப்பானை எடுத்தேன். அவள் பெயரைப் பெரியம்மாவுக்குக் கீழிருந்து எடுத்து என் பெயருக்கு முன்னால் எழுதவேண்டும். பதிவேட்டில் அவள்தான் முதல் வரி.

வசந்தா தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"வேணாம்ணா. அங்கயே இருக்கட்டும். என்னை எடுத்துட்டா அவங்களுக்குக் கீழ யாரு இருக்கா?"

"அது உண்மை இல்லையே."

"எனக்கு டைபாய்டு வந்தப்போ இருபத்தோரு நாள் கண் மூடாம உட்கார்ந்திருந்தது யாரு? அது உண்மைதானே?"

அழிப்பானைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

"இன்னொண்ணு. பதிவேட்டுல நீதான் மொதல்ல. அப்ப நீ அக்கா" என்றேன்.

முதல் முறையாகச் சிரித்தாள். "அறுபது வருஷமா அண்ணான்னு கூப்பிட்டாச்சு. இனிமே உன்னை டா போட்டா எனக்கே சிரிப்பு வரும்."

ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். அவளுடைய வரிக்கும் ஒரு நகல் வேண்டும். ஏகாம்பரம் இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துக் கொடுத்தார். "பேரு கட்டம் காலியா கீது சார். அந்தம்மா பேரு சேக்கணும்னா மனு குடுக்கலாம், ஆனா பெத்தவங்க இல்ல, அலைய வுடுவாங்க" என்றார். விசாரித்து வந்து சொன்னேன். காலியாகவே இருக்கட்டும் என்றாள். அந்தத் தாளை நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

7

பிரேமனுக்குத் திரும்பி வந்து சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அதில் குழந்தையின் பெயர் இல்லாததைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் கவலைப்பட்டார். ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு உறுதிமொழிக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். ஓய்வூதியம் வந்துவிடும். உண்மையான தேதிப்படி நான் நாலு மாதம் மூத்தவனாம். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் அருண் வந்தான். எப்போதும் போலச் சுவர் முன்னால் நின்று, "இதுல எத்தனை பேர்?" என்று ஆரம்பித்தான். உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அவன் சின்ன வயதிலிருந்து வசந்தா யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஜெர்மன் மொழியில் "கஸின்" என்றுதான் சொல்லி வந்தேன், இனி அப்படிச் சொல்லக்கூடாது என்றேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "ஆனா அப்பா, நான் அவங்கள அத்தைன்னுதானே கூப்பிடறேன்?"

"ஆமா."

"இனிமே என்னன்னு கூப்பிடணும்?"

"அத்தைதான்."

"அப்போ தமிழ்ல ஒண்ணும் மாறலையே" என்றான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்க்கிறான். பெரியம்மா மகள் எங்களுக்குத் தங்கைதான், அம்மாவின் தங்கை சின்ன அம்மாதான். கூப்பிடும் சொல்லில் எதுவும் மாறவில்லை. மாறியதை அவனுக்கு விளக்க இரண்டு மொழியிலும் என்னிடம் சொல் இல்லை. அன்று மாலையே அவன் ரயிலேறிப் போய்விட்டான். சாப்பிட்ட தட்டுகள் இரண்டையும் கழுவி வைத்தேன். அடுத்த நாளிலிருந்து ஒரு தட்டுதான்.

இப்போதெல்லாம் வாரம் ஒரு முறை பேசுவதற்குப் பதிலாகத் தினமும் வசந்தாவுக்குப் போன் செய்கிறேன். எனக்குக் காலை, அவளுக்கு மதியம். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. மோட்டார் ரிப்பேர், புனேயிலிருந்து மகள் வரவில்லை, கீழ்வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள். "தெனமும் எதுக்குண்ணா காசைக் கரியாக்கற?" என்பாள். ஒரு நாள் அரை மணி தாமதமாகக் கூப்பிட்டால், "என்ன ஆச்சு?" என்று கேட்பாள்.

போன வாரம் பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். பஞ்சாங்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆடியில அம்மா திதி வருதுண்ணா. இந்தத் தடவ ஜனவரி வரைக்கும் காத்திருக்காம வந்துடேன். சேர்ந்தே செஞ்சுடலாம்."

அம்மா, பெரியம்மா இரண்டு பேர் திதியும் ஆடியில்தான் வருகிறது, ஒன்பது நாள் இடைவெளியில். வருகிறேன் என்றேன். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.